ஒன்பது காசில் ஒரு நாடு: ஜார்ஜியச் சில்லறை சேர்க்கும் கதை

1997-இல் சிங்கப்பூரில் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் சின்ன நிறுவனம் ஒன்றில் டெலிவரி ஆளாக இருந்தேன். முட்டை, முட்டைக்கோஸ், அரிசி மூட்டை, சில நாள் உறைந்துபோன ஆடு. கிளிஃபர்ட் பியர் படகுத்துறையில் படகுக்குக் காத்திருந்த ஒரு சமையல்காரர், ஊருக்குப் பேச ஃபோன் கார்டு வாங்க வேண்டும், நாற்பது காசு குறைகிறது என்றார். கொடுத்தேன். சும்மா வாங்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. சட்டைப் பையைத் துழாவி ஒரு வெள்ளை நாணயத்தை என் உள்ளங்கையில் வைத்து "ஜார்ஜியா" என்றார். ஒரு பக்கம் மான், 20 என்ற எண். மறுபக்கம் ஜிலேபியைப் பிய்த்துப் போட்டதுபோல எழுத்து.

எனக்குத் தெரிந்த ஜார்ஜியா அமெரிக்காவில்தான் இருந்தது. பிடோக் வீட்டுக்கு வந்து, "அமெரிக்கா" என்று எழுதிய உறையில் அதைப் போட்டுவைத்தேன். மூன்று மாதம் அந்த மான் தப்பான நாட்டில் மேய்ந்தது. அப்புறம் நூலகத்தில் அட்லஸைப் புரட்டியபோதுதான் கருங்கடல் கரையில், துருக்கிக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில், பத்தூமி, போத்தி என்று துறைமுகங்களோடு இன்னொரு ஜார்ஜியா இருப்பது தெரிந்தது. சோவியத் யூனியன் உடைந்து வந்த 15 நாடுகளில் அதுவும் ஒன்று.

அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பதினைந்தில் பலவற்றின் காசு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்க ஆசைப்பட்டு யார் கேட்டாலும் ஜார்ஜியாவைத்தான் கைகாட்டுவேன். காரணம் எளிது. அன்றாடப் புழக்கத்துக்கு அடித்த காசு மொத்தம் ஒன்பது வகை. 1993 என்று ஆண்டு போட்டவை ஆறு, 2006 என்று போட்டவை மூன்று. அவ்வளவுதான். உக்ரைனில் இறங்கினால் 1992 காசுகளின் அச்சு வேறுபாடுகளை எண்ணியே தலை நரைத்துவிடும். கஜகஸ்தானில் வருடத்துக்கு வருடம் புதுத் தேதி. ஒன்பது என்றால் கையில் அடங்கும். முடித்தோம் என்று மூச்சு விடலாம்.

முதல் பாடம்: காசில் உள்ள ஆண்டை நம்பாதீர்கள்

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பிறந்த நாட்டின் நாணயத்தில் உள்ள ஆண்டும், அது மக்கள் பைக்கு வந்த ஆண்டும் பல சமயம் ஒன்றாக இருக்காது.

ஜார்ஜியா 1991 ஏப்ரல் 9 அன்று சுதந்திரம் அறிவித்தது. சொந்தப் பணம் உடனே வந்துவிடவில்லை. ரூபிளே ஓடிக்கொண்டிருந்தது. 1993 ஏப்ரலில் கூப்பான் என்று ஒரு தற்காலிகப் பணம் கொண்டுவந்தார்கள். அது தாளாகவே பிறந்து தாளாகவே செத்தது. அதற்குக் காசே அடிக்கவில்லை. விலைவாசி ஏற ஏறத் தாளில் பூஜ்யமும் ஏறியது. 1994-இல் பத்து லட்சம் கூப்பான் தாள் ஒன்று அச்சானது. கடைசியில் 1995 அக்டோபர் 2 அன்று லாரி வந்தது. பத்து லட்சம் கூப்பானைக் கொடுத்தால் ஒரு லாரி.

ஆமாம், பணத்தின் பெயரே லாரிதான். "அங்கே ஒரு லாரி கொடுத்தால் ரொட்டி கிடைக்கும்" என்று நான் சொன்னபோது, நிறுவனத்தின் பத்தடி லாரியை ஓட்டிக்கொண்டிருந்த நண்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். லாரி என்றால் பழைய ஜார்ஜிய மொழியில் சேர்த்து வைத்த செல்வம் என்று பொருள். நூறு தெத்ரி சேர்ந்தால் ஒரு லாரி.

இப்போது காசைத் திருப்பிப் பாருங்கள். 1993 என்று இருக்கும். ஆறு காசும் அப்படித்தான். பிரான்சில் பாரிஸ் நாணயச் சாலை அடித்துக் கொடுத்தவை. ஜனங்கள் கையில் பத்தாயிரம் கூப்பான், லட்சம் கூப்பான் என்று தாள் கசங்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்த ஆண்டைத் தாங்கிய காசு புழக்கத்துக்கு வந்தது 1995-இல். இன்னொரு வேடிக்கையும் உண்டு. காசில் "ஜார்ஜியக் குடியரசு" என்று ஜார்ஜிய எழுத்தில் இருக்கிறது. 1995 ஆகஸ்டில் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பில் நாட்டின் பெயர் வெறும் "ஜார்ஜியா" ஆகிவிட்டது. ஆக, கடைக்காரர் கல்லாவுக்கு வந்த அன்றே காசில் இருந்த பெயர் பழசு.

இது ஜார்ஜியாவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. உக்ரைனின் சில்லறையான கோப்பியிக்கா காசுகள் 1992 என்று சொல்லும். ஹ்ரிவ்னியா பணம் அறிமுகமானது 1996 செப்டம்பரில். பெலாருஸ் இன்னும் மோசம். சுதந்திரத்துக்குப் பிறகு கால் நூற்றாண்டு புழக்கக் காசே இல்லாமல் தாளிலேயே ஓட்டிவிட்டு, 2016 ஜூலை 1 அன்று முதல்முறையாகக் காசு வெளியிட்டது. அந்தக் காசுகளில் இருக்கும் ஆண்டு 2009.

அதனால் உங்கள் குறிப்பேட்டில் ஆண்டுக்கு ஒரு கட்டம் போடாதீர்கள், இரண்டு போடுங்கள். ஒன்று காசில் உள்ளது, இன்னொன்று பைக்கு வந்தது. நான் முதல் ஐந்து வருடம் ஒரே கட்டம் போட்டு, பிறகு மொத்தத்தையும் அடித்துத் திருத்தி எழுதினேன்.

ஆறு காசும் என்ன படம் என்று

சின்னதிலிருந்து போவோம். 1 தெத்ரியில் திராட்சைக் கொத்து. அகலம் 15 மில்லிமீட்டர்; நம்முடைய ஐந்து காசு நாணயம் 16.75. அதைவிடவும் பொடிசு என்பதால் கீழே விழுந்தால் சோஃபாவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கும். 2 தெத்ரியில் மயில். 5 தெத்ரியில் ஒரு சிங்கம். அலசானிப் பள்ளத்தாக்கில் பழங்காலக் கல்லறை மேட்டிலிருந்து கிடைத்த தங்கச் சிங்க பொம்மை அது. 10 தெத்ரியில் சிங்கத்தின் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்திருப்பார். 20 தெத்ரியில் என்னுடைய மான். 50 தெத்ரி மட்டும் மஞ்சள் உலோகம், அதில் கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஒரு கற்பனை விலங்கு. சம்தாவிசி என்ற தேவாலயத்தின் சுவரில் உள்ள புடைப்புச் சிற்பம்.

மானை வரைந்தவர் நிக்கோ பிரோஸ்மானி. 1862-இல் பிறந்து 1918-இல் இறந்தவர். தானே கற்றுக்கொண்டு வரைந்த ஏழை ஓவியர். சாராயக் கடைகளுக்குப் பலகை எழுதிப் பிழைத்தவர். 1995-இல் வந்த ஒரு லாரித் தாளில் அவர் முகத்தையே போட்டார்கள். ஒன்றுமில்லாமல் செத்த ஒரு ஓவியனைப் பணத்தில் ஏற்றிய நாடு என்பதாலேயே எனக்கு ஜார்ஜியா மேல் ஒரு பிரியம்.

10 தெத்ரியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு அப்போது எழுபது வயது. சாப்பாட்டு மேசையில் பூதக்கண்ணாடியும் கையுமாக நான் உட்கார்ந்திருந்தால் வந்து எட்டிப் பார்ப்பார். அந்தக் காசைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். சிங்கத்தின் முதுகில் ஓர் உருவம், தலைக்குப் பின்னால் வட்டமாக ஒளி. அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஆத்தா எப்படிடா அங்க போனா?" என்றார். இல்லம்மா, அது மமை என்று ஒரு கிறிஸ்தவப் புனிதர், கெலாத்தி மடத்திலிருந்த 11ஆம் நூற்றாண்டு வெள்ளித் தகட்டில் உள்ள உருவம் என்று விளக்கினேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. சிங்கத்தில் ஒருத்தி, பக்கத்துக் காசில் மயில், "முருகனும் இருக்கான் பாரு" என்று முடித்துவிட்டார். சிங்கை நகரில் உட்கார்ந்து இரண்டு சிங்கக் காசையும் ஒரு மயில் காசையும் பார்க்கும்போது எனக்கும் அதை மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

இன்னொன்று. இங்கே நாம் டாலரை வெள்ளி என்கிறோம். பத்து வெள்ளி, ஐம்பது காசு. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருபவர்கள் முதல் வாரம் முழிப்பார்கள். தெத்ரி என்ற ஜார்ஜியச் சொல்லுக்கு நேர்ப்பொருள் "வெள்ளை". பழைய காலத்தில் வெள்ளி நாணயத்தை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள். கருங்கடல் கரையில் இரண்டாயிரம் வருடத்துக்கும் முன்னால் புழங்கிய சின்ன வெள்ளிக் காசுக்கும் "கொல்கேத்துத் தெத்ரி" என்றுதான் பெயர். வெள்ளையிலிருந்து வெள்ளி, வெள்ளியிலிருந்து பணம். நாம் போன வழியிலேயே அவர்களும் போயிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை.

பூவா தலையா போட்டுப் பார்க்க மட்டும் இந்தக் காசு ஆகாது, ஏனென்றால் தலையே கிடையாது. மறுபக்கம் இந்த ஆறு காசிலும் சுழலும் சூரியச் சக்கரம், போர்ஜ்கலி என்பார்கள்.

2006-இல் வந்த மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளை உலோகத்தில் புது 50 தெத்ரி, 1 லாரி, இரண்டு உலோகம் சேர்த்து அடித்த 2 லாரி. நல்ல கனமான காசுகள், ஆனால் பழைய ஆறின் அழகு இல்லை என்பது என் கருத்து. 50 தெத்ரியில் பழசும் புதுசும் இரண்டும் வேண்டும். ஒன்று போதும் என்று விட்டுவிட்டால் கணக்கு எட்டில் நின்றுவிடும். நினைவு நாணயங்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், அவை பைக்குள் போகாத காசு.

சிங்கப்பூரில் எங்கே தேடுவது

முன்பு சுங்கை ரோடு திருடர் சந்தை இருந்தது. தார்ப்பாய் விரித்து, பழைய வானொலிக்கும் கைக்கடிகாரத்துக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் டின் நிறைய வெளிநாட்டுக் காசு வைத்திருப்பார்கள். குந்தி உட்கார்ந்து துழாவினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். என் 5 தெத்ரி அங்கே கிடைத்ததுதான்.

இப்போது என் முதல் வாசல் தேக்காவில் இருக்கும் ஒரு பணமாற்றுக் கடை. பணமாற்றுக்காரர்கள் தாளைத்தான் வாங்குவார்கள், சில்லறையைத் தொடமாட்டார்கள். ஆனால் ஊர் சுற்றிவிட்டு வருகிறவர்கள் பையைக் கவிழ்க்கும்போது விழுவதைத் திருப்பி எடுத்துப்போவதில்லை. பாய் அதையெல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு வைக்கிறார். முதல்முறை கேட்டபோது, "தம்பி, தாளக் கொண்டா மாத்தித் தர்றேன், இந்தக் குப்பை எதுக்கு?" என்றார். இரண்டாம் முறை டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் முறை டின்னையே முன்னால் தள்ளிவிட்டார். ஒரு கைப்பிடி ஐந்து வெள்ளி என்று எங்களுக்குள் ஒரு கணக்கு. உங்கள் வட்டாரத்திலும் இப்படி ஒரு டின் இருக்கும். கூட்டமில்லாத மதிய நேரத்தில் போய், அவசரமில்லாமல் கேளுங்கள். சனி, ஞாயிறு சாயங்காலம் கடை முன்னால் வரிசை நிற்கும்போது சில்லறைக் கதை பேசினால் யாருக்கும் பிடிக்காது.

டின்னைக் கவிழ்த்ததும் ஜார்ஜியக் காசை எப்படிப் பிரிப்பது? எழுத்தைப் பாருங்கள். நம்முடையதைப் போலவே சுழித்துச் சுழித்து எழுதுகிற எழுத்து. தூரத்தில் பார்த்தால் தெலுங்கோ பர்மிய மொழியோ என்று தோன்றும். தெத்ரி என்ற சொல்லில் ஐந்து எழுத்து. முதல் எழுத்தும் மூன்றாவதும் ஒன்றுபோலவே இருக்கும். இதை மட்டும் மனசில் வைத்தால் போதும், மொழி தெரிய வேண்டியதில்லை. பக்கத்து நாடான ஆர்மீனியாவின் காசும் கூடவே கிடக்கும். அதன் எழுத்து நெட்டுக்குத்தாகக் கொக்கி கொக்கியாக இருக்கும். 1994 என்று போட்ட ஆர்மீனியக் காசுகள் அலுமினியம், கையில் எடுத்தால் அப்பளம்போல எடையே தெரியாது. ஜார்ஜியக் காசில் பெரும்பாலானவை துருப்பிடிக்காத எஃகு. மேசையில் போட்டால் சத்தம் வேறு.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உலகத்தில் காசுக்காரர்களைக் குழப்ப மூன்று ஜார்ஜியா உண்டு. 1999-இல் அமெரிக்கா வெளியிட்ட கால் டாலர் ஒன்றில் ஜார்ஜியா என்று எழுதி, பீச் பழம் போட்டிருக்கும். அது அமெரிக்க மாநிலம். தெற்கு ஜார்ஜியா என்ற பெயரில் பிரிட்டிஷ் ராணியின் தலையோடு பளபளப்பான நாணயங்கள் வரும். அது அண்டார்டிகா பக்கத்துத் தீவு, பென்குயின்கள்தான் அதிகம். பழம் இருந்தாலும் ராணி இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள். தேடும்போது நாட்டுப் பெயரைப் போடாமல் தெத்ரி என்று போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

விற்பவரிடம் "படத்தில் இருக்கும் இதே காசுதான் வருமா?" என்று ஒரு வரி கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் கேட்காமல் ஒருமுறை 1 தெத்ரி வாங்கினேன். படத்தில் திராட்சை ஒவ்வொரு மணியும் தெரிந்தது. வந்தது யாரோ பாத்திரம் துலக்கும் கம்பியால் தேய்த்த ஒன்று. காசு இரண்டு வெள்ளி, தபால் நாலரை. வரியும் உண்டு, இப்போது வெளிநாட்டு இணையச் சந்தைகள் பலவும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சேர்த்தே பில் போடுகின்றன. ஆகவே ஒரு காசாக வாங்காதீர்கள். ஒரே விற்பவரிடம் ஆறையும் சேர்த்து வாங்குங்கள், அல்லது நாலு பேர் கூட்டுச் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழையுங்கள்.

மலிவான வழி, அங்கே போகிறவர்களைப் பிடிப்பது. என் தங்கை மகள் கல்யாணமான கையோடு ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்குப் போனாள். "மாமா, உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்றாள். சில்லறை என்றேன், சிரித்தாள். எந்தெந்தக் காசு, எத்தனை என்று எழுதி ஒரு ஜிப் பையையும் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தபோது பையில் பதினேழு காசு, அதில் பதினொன்று 20 தெத்ரி. மான் அழகாக இருந்ததாம், அதையே எடுத்துவைத்தாளாம். குறை சொல்ல முடியுமா? ஆனால் நீங்கள் கொடுக்கும் சீட்டில் "ஒவ்வொன்றிலும் இரண்டு, அதற்கு மேல் வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். இப்போது போகிறவர்களிடம் 1, 2 தெத்ரியைக் கேட்காதீர்கள்; 2020 முடிவோடு அவை இரண்டும் செல்லாதவையாகிவிட்டன, கடையில் மிச்சமாகக் கிடைக்காது. நாமும் 2002-இல் ஒரு காசு நாணயம் வெளியிடுவதை நிறுத்தினோமே, அதுபோல. ஆக, திராட்சையும் மயிலும் டின்னில் அல்லது இணையத்தில், மற்றது பயணிகளிடம். இதுதான் பிரிவினை.

புளியும் பிளாஸ்டிக்கும்

என் முதல் 50 தெத்ரி, அந்த மஞ்சள் காசு, பாதி கறுத்துப்போய், கற்பனை விலங்கின் இறக்கைக்குள் அழுக்கு ஏறி, பத்து வருடம் புழங்கியதன் சாட்சியாக இருந்தது. தீபாவளிக்கு முதல் நாள் அதைச் சாமி அறைப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். தப்பு என்னுடையது. சாயங்காலம் வந்து பார்த்தால் குத்துவிளக்கு, சொம்பு, பஞ்சபாத்திரம் எல்லாம் புளி போட்டுத் தேய்த்து வரிசையாகக் காய்கின்றன. கடைசியில் என் காசு. "கறுத்துப் போய்க் கிடந்துச்சுடா, பார்க்கப் பாவமா இருந்துச்சு" என்றார் அம்மா. பளபளவென்றுதான் இருந்தது, ஆனால் மஞ்சளாக இல்லை. ஒருவித இளஞ்சிவப்பு. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. புளியின் அமிலம் மேல்பரப்பில் உள்ள துத்தநாகத்தை முதலில் கரைத்து எடுத்துவிடும், செம்பு மிஞ்சும். நிறம் திரும்ப வராது. குத்துவிளக்குக்கு அது நல்லது. விளக்கை வருடா வருடம் தேய்க்கிறோம். காசுக்கு அந்தக் கறுப்புதான் தோல்.

எனவே தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, பற்பசை, சாம்பல் எதுவும் வேண்டாம். டின்னிலிருந்து வந்த எஃகுக் காசில் பிசுபிசுப்பு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு போட்டு ஊறவைத்து, அலசி, பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். ஒற்றுவது வேறு, துடைப்பது வேறு. காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். நம்முடைய ஊர் வெக்கையில் விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும்.

ஈரப்பதம்தான் இங்கே பெரிய எதிரி. வருடம் முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். நல்ல வேளையாக, 1993 ஆறில் ஐந்து எஃகு. அவை சிங்கப்பூரைத் தாங்கும். பழைய மஞ்சள் 50-உம் 2006-இன் மூன்றும்தான் கவனம் கேட்பவை. அவற்றை மிருதுவான பி.வி.சி. பிளாஸ்டிக் பைகள் உள்ள மலிவு ஆல்பத்தில் வைக்காதீர்கள். புதுக் குளியலறைத் திரையின் வாசனை அடித்தால் அது பி.வி.சி. ஓரிரு வருடத்தில் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு பசை கசிந்து, செம்பு கலந்த உலோகத்தில் பச்சையாகப் பிடித்துக்கொள்ளும். தொடக்கத்திலேயே பார்த்துவிட்டால், ஜன்னல் திறந்து, அடுப்பை அணைத்துவிட்டு, கலப்பில்லாத அசிட்டோனில் சில நிமிடம் ஊறவைத்தால் போகும். நகச்சாயம் அகற்றும் வாசனைத் திரவம் அதற்கு ஆகாது. பச்சை உள்ளே தின்றுவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை.

நான் பயன்படுத்துவது நடுவில் மைலார் என்ற தெளிந்த பிளாஸ்டிக் ஜன்னல் உள்ள அட்டை உறை. ஸ்டேப்ளர் அடிக்கும் வகையை விட்டுவிட்டு, தானாக ஒட்டும் வகையை வாங்குங்கள். ஸ்டேப்ளர் ஊசி இங்கே இரண்டு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும், பிரிக்கும்போது காசைக் கீறும். உறைகளை நிறுத்தி அடுக்கி, இறுக்கமாக மூடும் டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். கேமரா வைத்திருக்கும் நண்பரிடம் ஈரம் உறிஞ்சும் அலமாரி இருந்தால் ஒரு மூலை கேட்டுப் பாருங்கள். என் மைத்துனர் கொடுத்தார், லென்ஸுக்குப் பக்கத்தில் என் 2 லாரி சுகமாக இருக்கிறது.

எழுதி வையுங்கள்

உறையின் பின்பக்கம் பென்சிலால் ஆறு விஷயம் எழுதுகிறேன். மதிப்பு, காசில் உள்ள ஆண்டு, புழக்கத்துக்கு வந்த ஆண்டு, எங்கே கிடைத்தது, யாரிடமிருந்து, எப்போது. மான் காசின் உறையில் இப்படி இருக்கிறது: "20 தெத்ரி. 1993. வந்தது 1995. கிளிஃபர்ட் பியர். சமையல்காரர், 40 காசுக்கு. 1997." இளஞ்சிவப்பாகிப் போன காசையும் தூக்கிப் போடவில்லை. அதன் உறையில் "அம்மா, புளி, தீபாவளி" என்று இருக்கிறது. தேய்க்காத இன்னொரு 50 தெத்ரி பிறகு வாங்கினேன். பார்க்க வருகிறவர்களுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

முடிந்தால் ஒரு கூப்பான் தாளும் வாங்கி முன்னால் வையுங்கள். அது இல்லாமல் இந்தக் காசுகள் ஏன் வந்தன என்பது யாருக்கும் புரியாது. பத்து லட்சம் கூப்பான் ஒரு தாள், அதற்குப் பக்கத்தில் 1 லாரி நாணயம். இன்றைக்கு ஒரு லாரி ஏறக்குறைய நம்முடைய அரை வெள்ளி. பார்த்தவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பத்து லட்சமா?" என்று கேட்பார்கள். அதற்கு மேல் நான் விளக்குவதில்லை.

ஒன்பதை முடித்துவிட்டால் அடுத்து எது என்று கேட்பீர்கள். எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் 2011, 2014, 2015 என்று ஒவ்வொன்றாக யூரோவுக்குப் போய்விட்டதால் அவற்றின் பழைய காசுகளுக்கு முடிவு தெரியும், அது ஒரு வசதி. நான் போயிருப்பது பெலாருஸ் பக்கம். ஒரு கோப்பெக்கிலிருந்து இரண்டு ரூபிள்வரை எட்டுக் காசு. ஏழு கையில் இருக்கிறது. 2 கோப்பெக் மட்டும் இன்னும் வரவில்லை. பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.